சேவையும் குணமும் பார்த்துத் தரும் ஸ்காலர்ஷிப்: பாட்டியைப் பார்த்துக்கொண்டது கணக்கில் வருமா?

மழைக்காகிதம் | பிப்ரவரி 9, இரவு 10:52

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம், மகன் பதினொன்றாம் வகுப்பு. ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.9, ஏபி (கல்லூரி நிலைப் பாட) வகுப்புகள் ஐந்து, எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) பரவாயில்லை. படிப்பில் கவலை இல்லை. "சேவை, தலைமைப் பண்பு, குணம்" என்று கேட்கும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பங்களைத் திறந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பையன் பெரிதாக எதையும் தொடங்கவில்லை, எந்த கிளப்புக்கும் தலைவரில்லை. இரண்டு வருஷம் முன்னால் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து, நான் வேலையிலிருந்து திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொள்கிறான். சனிக்கிழமை நூலகத்தில் மூன்று மணி நேரம் புத்தகம் அடுக்குகிறான். அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி ஆலோசகரிடம் போனோம். "வீட்டு வேலையையெல்லாம் எழுதாதீர்கள். ஒரு நான்-பிராஃபிட், அதாவது லாப நோக்கில்லாத சேவை அமைப்பு, ஆரம்பியுங்கள். இல்லையென்றால் கோடையில் வெளிநாட்டுச் சேவைப் பயணம் இருக்கிறது, இரண்டு வாரம், 4,800 டாலர்" என்றார். பணம் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_கேட்கிறேன் | பிப்ரவரி 9, இரவு 11:20

4,800 கட்டி 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்குவதா? நல்ல வியாபாரம்!

வாசிப்பறை | பிப்ரவரி 10, காலை 7:15

அம்மா, அந்த 4,800 டாலரை பத்திரமாக வைத்திருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு ஆறு வருஷமாக விண்ணப்பம் வாசிக்கிறேன். சம்பளம் கிடையாது. பிப்ரவரி வந்தால் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம், வீட்டில் திட்டு. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

சேவைப் பயணக் கட்டுரைகள் வருஷத்துக்கு முப்பதாவது வரும். எல்லாமே ஒரே கட்டுரைதான்: விமானத்தில் இறங்கினேன், ஏழைக் குழந்தைகளின் சிரிப்பைக் கண்டேன், நான்தான் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளை எதற்கும் பொறுப்பேற்றிருக்க முடியாது. அவன் போகாவிட்டால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? அதற்கு அந்தக் கட்டுரைகளில் பதிலே இருக்காது.

இன்னொரு வகையும் உண்டு. பதினொரு கிளப், 412 மணி நேரம், தசம புள்ளிவரை கணக்கு. வாசித்து முடித்த பிறகு ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி சொல்லத் தெரியாது.

எனக்கு மறக்காத விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பையன் உணவு வங்கியில் அலமாரி அடுக்கும் வேலை பார்த்தான். சிலர் அரிசியையும் காய்ந்த பயறையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவதைக் கவனித்திருக்கிறான். ஏன் என்று ஒருவரிடம் கேட்டானாம். அவர் காரில் குடியிருக்கிறார், சமைக்க அடுப்பில்லை. மறுவாரம் இவன் ஒரு தட்டைக் காலி செய்து, கையால் இழுத்துத் திறக்கும் டப்பாக்களை மட்டும் அதில் அடுக்கி, "அடுப்பு வேண்டாதவை" என்று அட்டை எழுதி ஒட்டினான். அவன் செய்தது அவ்வளவுதான். நான்-பிராஃபிட் இல்லை, லோகோ இல்லை. குழுவில் ஐந்து பேரும் அவனுக்கே முதல் இடம் போட்டோம்.

உங்கள் மகன் எழுத வேண்டியது பாட்டியைப் பற்றித்தான். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பிலேயே "குடும்பப் பொறுப்புகள்" என்று தனி வகை இருக்கிறது, கூலி வேலைக்கும் தனி வகை இருக்கிறது. உங்கள் ஆலோசகர் அந்தக் கீழிறங்கு பட்டியலைக் கடைசிவரை உருட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 10, காலை 9:40

வாசிப்பறை சொன்னதற்கு ஆவணமே இருக்கிறது. ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு குழு 2016 ஜனவரியில் "டர்னிங் த டைட்" என்ற அறிக்கையை வெளியிட்டது. சேவை குறைந்தது ஒரு வருஷமாவது தொடர்ந்ததாக இருக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, குடும்பத்துக்காக வேலைக்குப் போவது போன்றவற்றையும் அதே எடையில் பார்க்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் முக்கியமானது. பல பெரிய கல்லூரிகளின் அட்மிஷன் தலைவர்கள் ஆதரவுக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் அப்படியே நடக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதவே கூடாது என்பது தப்பு.

வேலையைக் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வது புதிதும் இல்லை. எவன்ஸ் ஸ்காலர்ஸ் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கால்ஃப் மைதானத்தில் அடுத்தவர் பையைச் சுமக்கும் கேடி பிள்ளைகளுக்கானது. 1930இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரோடு தொடங்கியது. கேடியாக எப்படி வேலை பார்த்தான், மதிப்பெண், குடும்பப் பணத்தேவை, குணம் என்று நாலையும் பார்த்து, நாலு வருஷக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும் தருகிறார்கள்.

எச்4_அப்பா | பிப்ரவரி 10, மதியம் 1:05

விவாதம் நன்றாகப் போகிறது. என் கேள்வி வேறு. மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறாள். மருத்துவமனையில் தன்னார்வலர், நேஷனல் ஹானர் சொசைட்டி (பள்ளிகளில் சிறந்த மாணவர்களுக்கான அமைப்பு) எல்லாம் உண்டு. விண்ணப்பத்தைத் திறந்தால் முதல் கேள்வியே குடியுரிமை. கிரீன் கார்டு வரிசையில் எத்தனை வருஷமாக நிற்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். குணத்துக்கும் விசாவா?

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 10, மதியம் 1:48

சகோ, வலி புரிகிறது. கோகோ-கோலா ஸ்காலர்ஸ் (வருஷத்துக்கு 150 பேர், ஆளுக்கு 20,000 டாலர்) எடுத்துக்கொண்டால் குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி நிலை போன்றவை இருக்க வேண்டும். எல்க்ஸ் என்ற சமூக அமைப்பு தருவது குடிமக்களுக்கு மட்டும். ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை குடியுரிமை கேட்பதில்லை, ஆனால் வருமான வரம்பு உண்டு. ஐடி சம்பளத்தில் அந்தக் கதவும் பாதி மூடிவிடும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன் ஸ்காலர்ஷிப் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கிறது, பணத்தேவையையும் பார்ப்பதில்லை. போட்டி கடுமை, அது வேறு விஷயம்.

கல்லூரியே தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்களில் விசா தடை பல இடங்களில் இருக்காது. ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் போய்ப் பாருங்கள். பெரிய பெயர்களின் பின்னால் மட்டும் ஓடாதீர்கள்.

பழைய_பஞ்சாங்கம் | பிப்ரவரி 10, இரவு 9:30

எல்லோரும் "குணம்" என்ற சொல்லை சுலபமாக ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன்.

மதிப்பெண்ணோடு குணத்தையும் நிறுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தின் பெரிய முன்னோடி செசில் ரோட்ஸ். ஆமாம், அவரேதான். ஆப்பிரிக்காவில் நிலத்தையும் வைரத்தையும் வாரிச் சுருட்டிய மனிதர். 1902இல் இறந்தபோது, தன் பெயரிலான ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு அளவுகோலாக அவர் உயிலில் இருந்தது: படிப்பு, வெளி விளையாட்டில் ஈடுபாடு, உண்மை, துணிவு, எளியவர்களிடம் பரிவு, ஒழுக்க வலிமை. எளியவர்களிடம் பரிவாம்! யார் எழுதியது பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்தில் இத்தனை பங்கு என்றுகூடப் பிரித்தார். அந்த "குணம்" பெண்களுக்கும் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள 1977 ஆனது. மேலே சொன்ன மோர்ஹெட்-கெய்னின் பழைய அளவுகோல்களைப் படித்தால் ரோட்ஸ் வாடை அடிக்கும்.

இன்னொன்று கேளுங்கள். 1920களில் ஹார்வர்டின் தலைவர் லோவல், யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று கவலைப்பட்டார். வெளிப்படையாக ஒதுக்கீடு வைக்கப் பார்த்தார், ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? 1926 வாக்கில் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது, "குணமும் ஆளுமையும்" பார்க்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கை இறங்கியது. மதிப்பெண்ணில் தோற்கடிக்க முடியாதவர்களைக் குணத்தில் தோற்கடித்தார்கள்.

இன்றும் நேஷனல் ஹானர் சொசைட்டியில் (1921இல் பிட்ஸ்பர்க் பள்ளி முதல்வர் ஒருவர் தொடங்கியது) ஜிபிஏ தாண்டியதும் ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் குணத்துக்கு வாக்களிக்கிறார்கள். ஐந்து பேருக்குப் பிடிக்காத வாயாடிப் பிள்ளைக்குக் குணம் இல்லையா?

வாசிப்பறை | பிப்ரவரி 11, காலை 6:50

பஞ்சாங்கம் ஐயா, சண்டைக்கு வரவில்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் பெயரையும் பள்ளியையும் மறைத்துத்தான் வாசிக்கிறோம். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அட்டவணை இருக்கிறது. இருந்தும் நேர்காணலில் எல்லாம் கலைந்துவிடும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பையன் வந்தான். எழுத்தில் அருமை. எதிரில் உட்கார்ந்ததும் மேஜையைப் பார்த்தே பேசினான். "தன்னம்பிக்கை போதவில்லை" என்றார் எங்களில் ஒருவர். நான் மறுத்தேன், ஆனால் உரக்க மறுக்கவில்லை. அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் பணம் போன பெண்ணும் தகுதியானவள்தான். ஆனாலும் அந்தப் பையன் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே நாங்கள் குணத்தை அளக்கிறோம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை எதைக் கவனிக்கிறது, கவனித்த பிறகு என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்க முடியும். அதுவும் எழுதிக் காட்டினால்தான்.

இரண்டாம்_ஆண்டு | பிப்ரவரி 11, இரவு 11:58

பெரியவர்கள் மட்டும் பேசுகிறீர்களே என்று நுழைகிறேன் 🙂 நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. பானர் திட்டத்தில் இருக்கிறேன். 1990இல் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியில் தொடங்கியது, இப்போது பல கல்லூரிகளில் உண்டு. பணம் கொடுத்துவிட்டு "நல்லா இரு" என்று அனுப்பும் ஸ்காலர்ஷிப் இல்லை இது. கல்லூரி நடக்கும் வாரங்களில் வாரம் பத்து மணி நேரம் போல சேவை செய்ய வேண்டும், கோடையிலும் உண்டு. மிட்-டெர்ம் வாரத்திலும் டைம் ஷீட் போட வேண்டும். வாங்கும் முன் இதை யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேர்காணல் பற்றி ஒரு விஷயம். "நீ செய்த சேவையில் எது சரியாக வரவில்லை?" என்று கேட்டார்கள். பெருமையாகச் சொல்ல நிறைய தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், இதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பில் இலவசக் கணக்கு வகுப்பு ஆரம்பித்தேன், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. போஸ்டர் எல்லாம் அழகாக ஒட்டினேன். மூன்று வாரம் ஒருத்தர்கூட வரவில்லை. நானும் என் தோழியும் நாற்பது பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் ஒரு பெண்ணிடம் கேட்டேன். சனிக்கிழமை அவள் அம்மாவுக்கு ஷிஃப்ட், அவள்தான் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி மதிய இடைவேளைக்கு மாற்றினோம், ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சம் என்று சொல்லி முடித்தேன். கேட்டவர் சிரித்துவிட்டார். அதனால்தான் கிடைத்ததா தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

மழைக்காகிதம் ஆன்ட்டி, உங்கள் பையனை நான்-பிராஃபிட் மட்டும் ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். என் வகுப்பில் ஆரம்பித்தவர்களின் இணையதளமெல்லாம் அட்மிஷன் முடிந்த ஆறு மாதத்தில் செத்துப்போச்சு.

தென்றல்_வீடு | பிப்ரவரி 12, காலை 10:10

சேவையைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் மாநிலத்தில் பார்க்கலாம். மேரிலாந்தில் 75 மணி நேரம் சேவை செய்யாமல் உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவே கிடையாது. 1997இல் முடித்தவர்களிலிருந்து இந்த விதி. மாநில அளவில் முதலில் கொண்டுவந்தது நாங்கள்தான். என் மூத்தவன் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையே சேவை என்று நினைத்தான். சின்னவள் 75 முடிந்த பிறகும் விலங்குக் காப்பகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரே வீடு, ஒரே விதி. என்ன சொல்ல?

ஆனால் நான் எழுத வந்தது பண விஷயம். மகளுக்கு உள்ளூர் அறக்கட்டளை ஒன்று 8,000 டாலர் கொடுத்தது. மேடையில் பெரிய அட்டைக் காசோலை, படம், கைதட்டல். இரண்டு வாரம் கழித்து அவள் சேரவிருந்த தனியார் கல்லூரியிலிருந்து திருத்திய உதவித்தொகைக் கடிதம் வந்தது. கல்லூரி தருவதாகச் சொன்ன கிராண்டில் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) சரியாக 8,000 குறைந்திருந்தது. எங்களுக்கு மிச்சம் பூஜ்யம்! அவள் குணத்துக்குக் கிடைத்த பரிசு கல்லூரிக்குப் போய்விட்டது.

போன் செய்தேன். கத்தவில்லை, கேட்டேன்: "குறைத்துத்தான் ஆகவேண்டுமென்றால், கிராண்டை விட்டுவிட்டு முதலில் கடனைக் குறைக்க முடியுமா?" நாலு நாள் கழித்து ஒத்துக்கொண்டார்கள். முதல் வருஷ ஃபெடரல் (மத்திய அரசு) மாணவர் கடன் 5,500 முழுக்கப் போனது. மீதி 2,500 கிராண்டில் கழிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 12, காலை 11:02

எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு. இதற்கு "டிஸ்பிளேஸ்மென்ட்" என்று பெயர். ஃபெடரல் உதவி வாங்கும் பிள்ளைக்கு மொத்த உதவி அதன் தேவையைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கொஞ்சம் அதனால், கொஞ்சம் கல்லூரியின் சொந்தக் கொள்கையால் இப்படி நடக்கிறது. மேரிலாந்துதான் 2017இல் அரசுக் கல்லூரிகளில் இதற்கு முதலில் கட்டுப்பாடு போட்டது. நியூ ஜெர்சி, வாஷிங்டன், கலிபோர்னியா எல்லாம் பின்னால் வந்தன. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, தனியார் கல்லூரி என்றால் இன்னும் வேறு. சேரும் முன்பே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் முதலில் எதைக் குறைப்பீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வரி. டிகிரிக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போனால் வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதி பிள்ளையின் வருமானமாகக் கணக்காகும். வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் 970ஆம் வெளியீட்டில் இருக்கிறது. தூக்கம் வராத இரவில் படிக்கலாம்.

மழைக்காகிதம் | பிப்ரவரி 12, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. பயணத்துக்குப் பணம் கட்டவில்லை. கணவரும் இந்த இழையைப் படித்தார். உணவு வங்கிப் பையனைப் பற்றி அவரே இரண்டு முறை பேசினார்.

மழைக்காகிதம் | ஆகஸ்ட் 17, இரவு 9:44

திரும்ப வந்துவிட்டேன். காமன் ஆப்பில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் 150 எழுத்துதான் இடம், இடைவெளியையும் சேர்த்து. மகன் முதலில் எழுதியது: "முதியோர் பராமரிப்பில் தலைமைப் பொறுப்பேற்று கருணையையும் பொறுமையையும் வளர்த்துக்கொண்டேன்." படித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசிப்பறை, கொஞ்சம் பாருங்களேன்.

வாசிப்பறை | ஆகஸ்ட் 18, காலை 7:02

கருணை, பொறுமை இரண்டையும் வெட்டுங்கள். அதை நாங்கள் சொல்ல வேண்டும், அவன் சொல்லக் கூடாது. பாட்டியோடு இருக்கும் நேரத்தில் அவன் கை என்ன செய்கிறது? அதைக் கேளுங்கள்.

மழைக்காகிதம் | ஆகஸ்ட் 18, இரவு 10:15

கேட்டேன். எனக்கே தெரியாததெல்லாம் வந்தது. மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை அவன்தான் நிரப்புகிறான். பாட்டிக்கு வலது கை வராது, அதனால் பெட்டி மூடிகளில் டேப்பை ஒட்டி இழுக்க வாகாக வைத்திருக்கிறான். தண்ணீர் குடிக்கும்போது புரையேறாமல் இருக்க எத்தனை ஸ்பூன் கெட்டிப்படுத்தும் பொடி போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரபிஸ்ட் சொல்வதைத் தமிழில் சொல்லி, பாட்டி திட்டுவதை இங்கிலீஷில் பாதியாகக் குறைத்துச் சொல்கிறானாம்.

இப்போது எழுதியிருப்பது: "தினம் 3:30-6:30. பாட்டிக்கு மாத்திரை, நடைப் பயிற்சி, தெரபிஸ்ட்டுக்கு மொழிபெயர்ப்பு. ஒரு கையால் திறக்கும்படி மாத்திரைப் பெட்டியை மாற்றினேன்." இங்கிலீஷில் 143 எழுத்து வந்தது.

வாசிப்பறை | ஆகஸ்ட் 19, காலை 6:40

கை வைக்காதீர்கள். அப்படியே அனுப்புங்கள். பரிந்துரைக் கடிதம் அந்தத் தெரபிஸ்ட்டிடம் கேட்கலாமா என்று பாருங்கள். பெரிய பதவிக்காரர் கடிதத்தை விட நேரில் பார்த்தவர் கடிதம் மேல்.

பழைய_பஞ்சாங்கம் | ஆகஸ்ட் 19, இரவு 8:25

நான் கொள்கையளவில் இன்னும் எதிர்ப்புதான். ஆனால் திட்டை மொழிபெயர்க்கும் பையனுக்கு என் ஓட்டு.

மழைக்காகிதம் | மார்ச் 14, இரவு 11:06

கேட்டிருந்தவர்களுக்காக: தேசிய அளவில் போட்ட இரண்டும் முதல் சுற்றோடு சரி. உள்ளூரில் ஒன்று கிடைத்தது, 2,500 டாலர், ஒரே தடவை. கணக்குப்பிள்ளை சொன்ன மின்னஞ்சலை மூன்று கல்லூரிகளுக்கும் அனுப்பினோம். ஒரு கல்லூரி இன்னும் பதில் போடவில்லை.

நாலு வருஷத்துக்குமான பெரியது ஒன்றுக்குப் போன வாரம் நேர்காணல். நன்றாகத்தான் பேசியிருக்கிறான். கடைசியில் ஒருவர், "நீ கல்லூரிக்குப் போய்விட்டால் உன் பாட்டியை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டாராம். இவனிடம் பதில் இல்லை. "இன்னும் யோசிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆகஸ்டிலிருந்து யாருக்கு எந்த நாள் என்று கட்டம் போட்டிருக்கிறான். எனக்கு, அவன் அப்பாவுக்கு, ஒன்பதாவது படிக்கும் தங்கைக்கு. ஞாயிறு மாத்திரை நிரப்புவது அவன் அப்பா. அடியில் பொடி எத்தனை ஸ்பூன் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். இப்போதே ஒத்திகை பார்க்க வேண்டுமாம். செவ்வாயும் வியாழனும் எனக்கு. போன செவ்வாய் பொடியைக் குறைத்துப் போட்டுவிட்டேன் என்று மாமியார் அவனிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

முடிவு ஏப்ரலில் சொல்வார்களாம்.